பெண் ஈக்குக் கிடைத்த விசாரணை

எனக்கு ரெட்டைச் சடை பின்னிவிட்ட மலர் அக்காவுக்கு,

நான் இப்போது விழுப்புரத்துக் கல்லூரியில் பழ ஈ வளர்க்கிறேன். சிரிக்காதே. நம் திண்டிவனம் வீட்டில் அழுகின வாழைப்பழத்தை மொய்க்குமே, அதே ஈதான். சோள மாவும் சர்க்கரையும் காய்ச்சி ஊற்றிய கண்ணாடிக் குப்பிகளில் வளர்கிறது.

அந்தப் பெண் ஈயின் மேல் எனக்குப் பொறாமை, அக்கா. முட்டை பொரியவில்லை என்றால் எங்கள் ஆய்வகத்தில் யாரும் அவளைத் திட்டுவதில்லை. வேறொரு ஆணோடு விட்டுப் பார்க்கிறோம். புழு நெளிந்தால் அவளிடம் குறையில்லை. பிறகு முதல் ஆணை அறுத்து நுண்ணோக்கியில் வைக்கிறோம்.

ஆண் ஈயின் விந்தணுக்கள் கற்றையாக, ஒன்றோடொன்று ஒட்டியே வளரும். வால் நீண்ட பிறகு தனித்தனியாகப் பிரிய வேண்டும். சில மரபணுக்களில் ஒன்று பிழையானாலும் போதும், பிரியாது. கற்றை அப்படியே வீணாகும். வெளியே எதுவும் தெரியாது. அந்த ஆண் சிறகை அதிர்த்துப் பாடும், துரத்தும், கூடும். ஆட்டத்துக்கு மட்டும் குறைவிருக்காது.

உன் புருஷனுக்கும் இதே குறைதான் என்று நான் சொல்லவில்லை. ஈயை வைத்து மனிதனுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஈக்குக் கிடைத்த விசாரணை உனக்கு ஏன் கிடைக்கவில்லை? அமாவாசைதோறும் மேல்மலையனூர் அம்மன் கோயிலில் பிள்ளை வரம் கேட்டு மடியேந்தி எலுமிச்சம்பழம் வாங்கினாய். யார் யாரோ கொடுத்த கஷாயத்தையெல்லாம் குடித்தாய். மஞ்சள் காமாலையில் போய்விட்டாய் என்றார்கள். எந்தக் கஷாயம் என்று எவனும் கேட்கவில்லை. வருஷம் திரும்புவதற்குள் அவருக்கு இன்னொரு கல்யாணம்.

போன அமாவாசையன்று விழுப்புரம் பேருந்து நிலையத்தில் உன் மாமியாரைப் பார்த்தேன். கூடவே அந்தப் புதுப் பெண்டாட்டி, தேவி.

"மலையனூருக்குத்தான் போய்க்கினு இருக்கோம். இவளுக்கும் வயிறு தெறக்கல" என்றாள் கிழவி.

தேவி பேருந்துப் படியில் வைத்த காலை எடுத்துவிட்டாள். "எத்தினி அமாவாசைக்கு என்னியே இட்டுக்கினு போவீங்க? உங்க புள்ளைய ஒரு தபா ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனீங்களா?"

"எம் புள்ளைக்கு இன்னாடி கொற? சிங்கமாட்டம் கீறான்!"

"சிங்கத்துக்கும் டெஸ்ட் எடுக்கலாம், அத்தே." என் பக்கம் திரும்பினாள். "நீதான ஈய வெச்சிப் படிக்கிற பொண்ணு? ஆம்பள ஈக்குக் கொற வராதா?"

"வரும்."

"அத்தைக்குக் கேக்கறாப்புல சொல்லு."

"வரும்!" என்று கத்தினேன். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பேருந்து போய்விட்டது.

கிழவி முனகிக்கொண்டே நகர்ந்ததும் தேவி என் கையைப் பிடித்தாள். "டெஸ்ட்டு எடுக்க அவரு ஒத்துக்கினாரும்மா. அம்மா வூட்டுக்கே போய்டுவேன்னு மெரட்டினேன். திங்கக்கெழம பெரியாஸ்பத்திரி. டாக்டரு சொல்றது எனக்குப் புரியாது, நீயும் வர்றியா?"

ஒத்துக்கொண்டாராம். உனக்கு அசையாத மனுஷன் அவளுக்கு அசைந்திருக்கிறார். எனக்கு வயிறு எரிந்தது, அக்கா. அவளுக்கு அம்மா வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. நீ அழுதுகொண்டு வந்தபோதெல்லாம் நம் வீட்டில் சோறு போட்டு, உன் புருஷன் ஊரான காணைக்கே திருப்பி அனுப்பினார்கள். நீயும் ஒருமுறை அவரிடம் கேட்டாயா? கேட்டு அடி வாங்கினாயா? எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

திங்கட்கிழமை போவேன். வயிற்றெரிச்சலோடுதான் போவேன். அவள் வாயில் ஒரு சொட்டுக் கஷாயம் விழவிடமாட்டேன். ஆனால் அவளைத் தேவி என்றுதான் கூப்பிடுவேன். அக்கா என்று கூப்பிடமாட்டேன். அது உனக்கு மட்டும்தான்.

உன் ஒரே தங்கை,
வாசுகி