நன்றிப் பட்டியலில் ஒரு பெயர்

மார்ச் 4

அன்புள்ள குண்டூசிக்கு,

நலமா? போனில் பேசினால் அம்மாவும் கூடச் சேர்ந்து பேசுகிறாள், அதனால்தான் கடிதம். பக்கவாதத்தில் விழுந்த அவள் வலது கை இன்னும் வரவில்லை. வாய் மட்டும் நன்றாக வந்துவிட்டது, காலையிலிருந்து என்னை அதட்டிக்கொண்டே இருக்கிறாள்.

நம் கட்டுரை என்ன ஆனது? ஆய்விதழிலிருந்து பதில் வந்ததா? கணவன் மனைவி எப்படி மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுத்தேனே, ஒரு வீட்டில் நாய்கூடத் துரத்தியதே, அதற்காகவாவது அச்சில் வர வேண்டும். ஜூனில் பிஎச்.டி. விண்ணப்பம். என் பெயரில் ஒரு கட்டுரையாவது வெளிவராமல் வாசலிலேயே நிறுத்திவிடுவார்களாம். அம்மாவை விட்டு வராமல் பகுதி நேரமாகப் படிக்க எனக்கு இருக்கிற ஒரே வழி அதுதான். இரண்டு வரியாவது எழுதுடி.

உன்
கண்ணாடி


மார்ச் 19

என் செல்லக் கண்ணாடிக்கு,

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! நம் ஆய்வு வழிகாட்டி சார் வகுப்பிலேயே அறிவித்தார், எல்லோரும் கைதட்டினார்கள். நீ இல்லாததுதான் குறை.

ஒரு விஷயம், கோபப்படாதே. ஆய்வின் பாதியில் வீட்டுக்குப் போனவர்களை ஆசிரியர் வரிசையில் போட முடியாது என்று சார் சொல்லிவிட்டார். அவர் பெயரும் என் பெயரும்தான் வருகின்றன. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் உன்னைச் சேர்த்திருக்கிறோம், நூலகருக்கு அடுத்து. மன்னித்துக்கொள்டி. ஆனால் நான் என்ன செய்வது? ஆனால் நீயும் யோசித்துப் பார், உட்கார்ந்து எழுதி முடித்தது நான்தானே?

உன்
குண்டூசி


ஏப்ரல் 2

குண்டூசிக்கு,

நூலகருக்கு அடுத்த இடம். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு முன்னால் வந்ததே என் பாக்கியம்.

நம் கட்டுரை என்ன சொல்கிறது, நினைவிருக்கிறதா? மன்னிப்புக்குப் பின்னால் ‘ஆனால்’ வந்துவிட்டால், கேட்பவர் காதில் மன்னிப்பு விழுவதே இல்லை. “அவரு ‘தப்புதான், ஆனா’ன்னு ஆரம்பிச்சாலே நான் எழுந்து போயிடுவேன்” என்று அந்த வங்கி மேலாளரின் மனைவி சொன்னதிலிருந்து நான் பிடித்தது அது. நீ அதையே தலைப்பாகவும் வைத்தாய். உன் கடிதத்தில் இரண்டு ‘ஆனால்’ இருக்கிறது.

கேள்விகள் என்னுடையவை, பேட்டிகள் என்னுடையவை. நீ எழுதியதும் என் குறிப்புகளை வைத்துத்தான். அச்சுக்குப் போக இன்னும் நேரம் இருக்கிறது, சாரிடம் பேசு. எனக்காகக் கெஞ்ச வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும்.

கண்ணாடி


ஏப்ரல் 15

அன்புள்ள கண்ணாடிக்கு,

சார் அறை வாசலில் உனக்காகத் தவம் கிடந்தேன். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், மனிதர் மசியவில்லை. “ரூல்னா ரூல்தாம்மா” என்றார். அடுத்த கட்டுரையில் உன் பெயர்தான் முதலில், சத்தியம். இந்த ஒன்றுக்காக என்னை விட்டுவிடுவாயா? நீ குத்துகிற குத்தைப் பார்த்தால் என் பட்டப்பெயரை உனக்கே கொடுத்துவிடலாம் போலிருக்கிறது. அம்மாவுக்கு என் அன்பு.

என்றும் உன்
குண்டூசி


ஏப்ரல் 23

குண்டூசிக்கு,

நேற்று சார் போன் செய்து அம்மாவின் உடம்பை விசாரித்தார். பிறகு என்னைப் பாராட்டினார். “உன் பேரு வேணாம்னு நீயே சொல்லிட்டியாமே. அம்மா தேறட்டும், பேரெல்லாம் அப்புறம்னியாம். இந்த வயசுல இவ்வளவு பெருந்தன்மையாம்மா!”

அம்மாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன், கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. உன் பொய்யில் நான் எவ்வளவு நல்லவள்! ஒரு நொடி அப்படியே இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அந்த நொடிக்காகவும் உன்மேல்தான் ஆத்திரம் வந்தது.

“நான் அப்படிச் சொல்லவே இல்ல சார்” என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் “திங்கக்கிழமை அவளைக் கூப்பிட்டுக் கேக்கறேன். அதுவரைக்கும் கட்டுரை அச்சுக்குப் போகாது” என்றார்.

என் பெயர் சேருமோ, கட்டுரையே நின்றுபோகுமோ, தெரியாது. நின்றால் ஜூன் எனக்கும் போச்சு. தெரிந்துதான் சொன்னேன்.

திங்கட்கிழமை நீ வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே சார் அறைக்குள் போவாய். முன்கூட்டியே போன் செய்து சொல்லியிருக்கலாம். இந்தக் கடிதம் செவ்வாய்க்கிழமைதான் உன் கைக்கு வரும் என்று தெரிந்தே தபாலில் போடுகிறேன்.

கண்ணாடி