பின்கதவு ஏன் பிடிக்கிறது?

ஏப்ரல் 9

பின்கதவு மறுபடியும் நிலையில் பிடித்துக்கொண்டது. துணி உலர்த்தப் போனவள் தோளால் இடித்துத்தான் திறந்தேன். சத்தம் கேட்டதும் இவர் இழைப்புளியோடு ஓடிவந்து மேல் ஓரத்தைச் சீவித் தள்ளினார். "தச்சன் வீட்டுக் கதவே தகராறு பண்ணினா, எவன் எனக்கு வேலை குடுப்பான்?" நியாயம்தான்.

ஆனால் மழையில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும் என்று கல்யாணமான புதிதில் எனக்குப் பாடம் எடுத்தவரே இவர்தான். இப்போது வெயில் மண்டையைப் பிளக்கிறது. சுருங்க வேண்டிய கதவு ஏன் பிடிக்கிறது?

ஏப்ரல் 10

கேட்டேவிட்டேன். "பழைய மரம், அதுக்குக் கிறுக்கு" என்றார். மரத்துக்குக் கிறுக்குப் பிடிக்குமா?

ஏப்ரல் 21

பள்ளிக்கூடத்தில் பேரிடர் பயிற்சி. எங்கள் மலையடி வரிசை வீடுகளிலிருந்து எல்லாரும் வரவேண்டுமாம். பாடம் நடத்திய அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் குடைக்காரம்மா. வெயிலோ மழையோ, குடை இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு ஒரு பை தயாராக இருக்க வேண்டும் என்றார்: டார்ச், மாத்திரை, பத்திரங்கள், குடிதண்ணீர். அப்புறம் மலை நகர்ந்தால் என்னென்ன தெரியும் என்று சொன்னார். வேலிக்கம்பம் சாயும். சுவரில் குறுக்கே விரிசல் ஓடும். "கதவு ஜன்னல் எல்லாம் காரணமே இல்லாம பிடிக்கும்."

எங்கள் பின்கதவு! இவரைத் திரும்பிப் பார்த்தேன். மனுஷன் அண்ணாந்து கூரை உத்திரத்தை எடைபோட்டுக்கொண்டிருந்தார்.

வரும் வழியில் சொன்னேன். "ஒரு சொட்டு மழை இல்ல, மலை எப்படி வரும்? நடந்தா?" என்றார். அவர் சிரித்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கேள்வி போகவில்லை.

ஏப்ரல் 23

மிச்சமிருந்த பேன்ட் துணியில் பை தைத்தேன், உள்ளும் புறமும் பாக்கெட். "கல்யாணத்துக்கா கிளம்புறோம்?" என்று இவர் கேலி. அத்தை மட்டும் பையை அக்கறையாகத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என் தலகாணி போகுமா?"

"போகாது அத்தை."

"அப்ப நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே கிடக்கேன்."

அத்தைக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. வாசல்வரை போய்வரவே என் கை வேண்டும். அவர் படுப்பதோ மலையை ஒட்டிய பின்னறையில். வேடிக்கையாக எழுத உட்கார்ந்தேன், வேடிக்கையாக முடியவில்லை.

மே 2

தைக்கிறவளுக்குத் துணி சதுரமா என்று பார்க்கத் தெரியாதா? மூலைக்கு மூலை இழுத்துப் பிடித்தால் இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்கவேண்டும். அதே வித்தையைக் கதவு நிலையில் போட்டுப் பார்த்தேன். முன்வாசல் நிலை சரியாக இருக்கிறது. பின்வாசலில் ஒரு குறுக்களவு கட்டைவிரல் அகலத்துக்கு நீளம்!

வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை: பயத்தைவிடக் குஷிதான் அதிகம். கண்டுபிடித்துவிட்டேனே!

மே 19

இன்று அளந்தால் கோணல் இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் கதவு வழுக்கிக்கொண்டு திறக்கிறது. நான் சந்தைக்குப் போனபோது மறுபடி சீவியிருக்கிறார். "உனக்குத் தோள் வலிக்குதேன்னுதான்" என்கிறார். இப்படிச் சொன்னால் எப்படித் திட்டுவது? கதவு பிடித்தால்தானே ஏதோ நடக்கிறது என்று தெரியும்? இவர் அதைச் சீவிச் சீவியே நிம்மதியாகிறார்.

பொறுக்காமல் அளவைச் சொல்லிவிட்டேன். முகம் சிவந்துவிட்டது.

"நான் வச்ச நிலை கோணலா? உன் துணி டேப் இழுத்திருக்கும். அதை வச்சுக்கிட்டு என் வேலைய அளக்க வந்துட்டா!"

ராத்திரி சாப்பிடவில்லை. போகட்டும், பசித்தால் வருவார்.

மே 20

அவருடைய இரும்பு டேப்பைத் திருடி அளந்தேன். அதே கதைதான். ஹா!

ஜூன் 8

மழை பிடித்துக்கொண்டது, விட்ட பாடில்லை. குடைக்காரம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "பின்னறையில யாரும் படுக்காதீங்க. மழை வலுத்தா யாரும் வந்து சொல்லணும்னு நிக்காதீங்க, கிளம்பிடுங்க" என்றார். போனை இவர் காதிலும் வைத்தேன்.

மூலை நேரா என்று பார்க்கும் மூலைமட்டத்தை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். நிலையில் வைத்துப் பார்த்தார். மறு மூலையில் வைத்துப் பார்த்தார்.

"நான் வச்சப்ப சரியாத்தான் இருந்தது. சத்தியமா."

"சரியாத்தாங்க வச்சீங்க. வீடுதான் நகருது."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அத்தையின் கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டார்.

ஜூன் 11

பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் பின்கதவு அசையவே இல்லை. கீழிடுக்கில் செம்மண் தண்ணீர் கசிந்தது. தெருவில் முழங்கால் சேறு, வண்டி வராது. அத்தையோ கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "என்னால நடக்க முடியாது. விட்டுட்டுப் போங்கடா" என்று அழுகிறார். ஐயோ, எப்படி விட்டுட்டுப் போறது? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

இவர் கருவிப்பெட்டியைத் திறந்தார். இழைப்புளியைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன். திருப்புளியை எடுத்துப் பின்கதவின் கீலைக் கழற்றி, கதவை நெம்பி எடுத்தார். அதில் அத்தையைப் படுக்கவைத்து, தலைக்கடியில் தலையணையும் கொடுத்து, ஒரு முனையை இவரும் மறுமுனையை அடுத்த வீட்டுப் பால்காரரும் தூக்கினார்கள். பையோடு நான் பின்னால்.

"கதவு இவ்ளோ லேசா இருக்கே?" என்றார் பால்காரர்.

"அவ்ளோ சீவியிருக்கேன்" என்றார் இவர்.

அந்தச் சேற்றிலும் சிரித்துவிட்டேன். கதவைத் தூக்கிக்கொண்டு போகிற எங்களைப் பார்த்து, வரிசை வீடுகளும் மூட்டை கட்டின.

ஜூன் 12

மலை இறங்கிவிட்டது. பின்னறை இருந்த இடத்தில் பாறை கிடக்கிறது. வரிசையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அத்தை என் கையை விடவே இல்லை.

பிப்ரவரி 6

சமதரையில் புது வீடு. பின்வாசலுக்கு அதே கதவுதான், சீவின ஓரத்தில் மரச்சட்டம் ஒட்டிச் சரிப்படுத்தியிருக்கிறார். இரண்டு நாளாகத் தூறல். காலையில் கதவு பிடித்துக்கொண்டது. சத்தம் போட்டு இவரைக் கூப்பிட்டேன்.

இழைப்புளியோடு வந்தவர், கதவைப் பார்த்ததும் கருவியைத் தரையில் வைத்தார்.

"டேப்பைக் கொண்டா."

"துணி டேப்பா, இரும்பு டேப்பா?"

"உன்னோடதையே கொண்டா."

ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான். மூலைக்கு மூலை அளந்தோம். இரண்டும் ஒன்றாகவே இருந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் அளக்கச் சொன்னார். அப்புறம்தான் இழைப்புளியைத் தொட்டார்.