முனிராஜின் இடுப்புப் படம்

என் உயிரான அண்ணா,

நீ போய் மூன்று வருஷமாகிறது. ஒரு வரிகூட உனக்கு எழுதியதில்லை. இன்று பெங்களூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வேன்?

உன் மகன் முனிராஜ் மாசியிலிருந்து நொண்டுகிறான். உனக்கு வலித்த அதே இடது இடுப்பு. கெலமங்கலத்தில் சுளுக்கு என்றார்கள், வாயு என்றார்கள். நான் நம்பாமல் இங்கே கூட்டி வந்தேன்.

உன் எக்ஸ்ரே படம் கெட்டது என்னால்தான் அண்ணா. அண்ணியிடம்கூட இதைச் சொன்னதில்லை. அன்று அரைஞாணைக் கழற்றச் சொன்னார்கள். "உசிரோட இருக்கற ஆம்பளைக்கு அரைஞாண அறுப்பாங்களா?" என்று சண்டை போட்டு, அதில் கோத்திருந்த தாயத்தை வேட்டிக்குள் தள்ளி மறைத்தவன் நான். படத்தில் அந்தச் செப்புத் தாயத்து மூட்டின் மேலேயே வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. டி.பி.யாக இருக்கலாம், சரியாகத் தெரியவில்லை, மறுபடி எடுக்கவேண்டும் என்றார் டாக்டர். நாம் போகவே இல்லை. டி.பி. என்றே நம்பி உன்னைப் படுக்க வைத்தோம். உள்ளே புற்றுக்கட்டி வளர்ந்துகொண்டிருந்தது.

இந்த முறை படம் எடுக்குமுன் அவன் அரைஞாணை அறுக்க நானே பிளேடை எடுத்தேன். பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சித்தப்பா, இத அறுத்தா நான் செத்துருவனா?"

"போடா பைத்தியக்காரா, ஊருக்குப் போயி புதுசு கட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அறுத்தேன். பன்னிரண்டு வயசுப் பிள்ளை கேட்கிற கேள்வியா அது?

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது, டி.பி.யாக இருக்கவேண்டுமே என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். அதற்கு இப்போது ஊசி இருக்கிறது. நோய் வேண்டுமென்று எவனாவது வேண்டுவானா? நான் வேண்டினேன்.

"நோடப்பா, இங்க பாரு" என்று விரலால் காட்டினார். "டி.பி.ன்னா மூட்டுச் சந்து குறுகிப்போவும், ரெண்டு பக்க எலும்பும் அரிச்சிருக்கும். இங்க சந்து நல்லா இருக்குது. தொடை எலும்பு மட்டும் உள்ளயே கரைஞ்சு, மேல முள்ளு முள்ளா வளந்திருக்குது."

சதையைக் கிள்ளிச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். கட்டிதான். நெஞ்சுக்கு இன்னும் பரவவில்லையாம். காலை இடுப்போடு எடுத்தால் பிழைக்கலாம் என்கிறார், பிழைப்பான் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்.

அண்ணி என் காலில் விழுந்து அழுகிறாள். "முழுசாக் குடுத்துட்டுப் போன புள்ளய அறுத்துப் போட்டன்னு அவுரு கேட்டா, நான் என்னா சொல்லுவன் மாரப்பா?" என்கிறாள். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

நாளைக் காலை ஆபரேஷனுக்கு நான் கையெழுத்துப் போடப்போகிறேன். அதற்குப் பிறகு அவன் போகுமிடமெல்லாம் என் தோளில் போவான். இது சத்தியம். நான் செய்வது தப்பென்றால் என்னைக் கூப்பிடு, மறுபேச்சில்லாமல் வருகிறேன். அவனைக் கூப்பிட்டுக்கொள்ளாதே அண்ணா.

உன் கூடப்பிறந்தவன்,
மாரப்பன்