கெங்கம்மாவுக்கு விட்ட ஆறடி

1960 மார்ச் 6, ஞாயிறு — சித்தூர்

மல்லிகா வந்துவிட்டுப் போனாள். கூடப்பிறந்த தங்கைதான். ஆனால் திருப்பதியில் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அந்த ஊரையே இவள்தான் பெற்றுப் போட்டது போலப் பேச்சு. கடைக்குள் கால் வைக்கும்போதே ஆரம்பித்தாள். "இன்னாக்கா உங்க பஜார் இது! எதுக்க ஒரு மாட்டுவண்டி வந்தா சுவத்தோட சுவரா ஒட்டிக்கினு நிக்கணும் போல. எங்க ஊர் ரோடு பாத்தியா? யூனிவர்சிட்டியே வந்துடுச்சு."

"எங்களுக்குக் கலெக்டர் ஆபீசு இருக்குதுடி" என்றேன்.

"அது இன்னும் எத்தினி நாளைக்கு? திருத்தணி மெட்ராசோட போவுது. ஜில்லா சின்னதாயிடும். அப்புறம் கலெக்டர் எங்க ஊருக்குத்தான் வருவாருன்னு அல்லாரும் பேசிக்கினு இருக்காங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அவள் எடுத்துக்கொண்ட ஒரு டஜன் கண்ணாடி வளையலுக்குக் காசு வாங்கிக்கொண்டுதான் விட்டேன். தங்கையாவது, கிங்கையாவது.

மார்ச் 7

இவரிடம் கேட்டேன். சிட்டிபாபு என்று பெயர்தான் ஜமீன்தார் மாதிரி. வேலை கலெக்டர் ஆபீசில் தபேதார். டவாலி மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிற மனிதருக்கு உள்ளே நடப்பது காதில் விழாமலா போகும்? "ஆபீசு போனா நானும் அது பின்னால போவேன். உனக்கு இன்னாமே?" என்கிறார்.

எனக்கு என்னவா? மாமனார் வைத்த வளையல் கடை இது. கோர்ட்டுக்கும் கலெக்டர் கச்சேரிக்கும் வருகிற ஜனம் போகிற போக்கில் மகளுக்கு, மருமகளுக்கு என்று வாங்கிப் போவதில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. அந்த ஜனமெல்லாம் திருப்பதி பஸ் ஏறிவிட்டால் நான் யார் கையைப் பிடித்து வளையல் போடுவது?

ஏப்ரல் 1, வெள்ளி

இன்றிலிருந்து திருத்தணி மெட்ராஸ் ராஜ்யம். பஸ் வழக்கம் போலத்தான் வந்தது. திருத்தணி அம்மாள் ஒருத்தி வழக்கம் போலப் பேரம் பேசினாள். "இனிமே நான் உனக்கு வெளியூர்க்காரி, பாத்துப் போட்டுக் குடு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பக்கம் தமிழ் பேசுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் குறைந்துபோனோம், அது ஒரு பக்கம் இருக்கட்டும். மல்லிகா சொன்னதில் பாதி நடந்துவிட்டதே. மீதிப் பாதி?

ஏப்ரல் 17, ஞாயிறு

ஜாத்திரைக் கமிட்டி கூடியது. பக்கத்துப் பாத்திரக்கடை வெங்கடசாமி அண்ணன்தான் தலைவர். வருஷா வருஷம் பஜார் நடுவில் பந்தல் போட்டுக் களிமண்ணில் கெங்கம்மாவை உட்கார வைப்போம். அதற்கு இடம் விட்டு, அவரவர் கடை முன்னால் இழுத்துக் கட்டியிருக்கிற கூரையை இரண்டடி உள்ளே வாங்கிக்கொள்வது வழக்கம். வாங்கினதை ஜாத்திரை முடிந்து மறு செவ்வாய் வரைக்கும் திரும்பக் கட்டக்கூடாது. அம்மனை ஏரியில் கரைத்த பிறகும் அவள் அந்த இடத்திலேயே நிற்கிறாள் என்று நம்பிக்கை. இதுவரை யாரும் மீறியதில்லை.

பேச்சு திருப்பதி ஜாத்திரைக்குத் தாவியது. அங்கே என்ன கூட்டம், என்ன வேஷம், ஆபீசரெல்லாம் வருகிறார்களாம் என்று ஆளாளுக்கு வாயைப் பிளந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். அந்தக் கூட்டத்தில் பெண்பிள்ளை வாயைத் திறந்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"ரெண்டடி எதுக்கு? இந்த வருஷம் ஆறடி வாங்குவோம். மேடை, படிக்கல்லு அல்லாத்தையும் எடுப்போம். ரெண்டு பஸ் எதிரும் புதிருமா போற மாதிரி ரோடு தெரியணும். பெரிய ஆபீசருங்களைக் கூப்பிடுவோம். சித்தூர் இன்னா குறைச்சலுன்னு அவங்க கண்ணால பாத்துட்டுப் போவட்டும்!"

வெங்கடசாமி அண்ணன்தான் தயங்கினார். "யசோதா, எங்க கடையெல்லாம் உள்ளாற நீளமா போவுது. உன்னுது மொத்தமே எட்டடி. ஆறடி போனா இன்னாம்மா மிஞ்சும்?"

"பலகை கடைதானே அண்ணா. கழட்டினா திரும்ப மாட்டிக்கிறேன். அம்மனுக்குத்தானே?"

கை தட்டினார்கள். எனக்கு! வீட்டுக்கு வந்து இவரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

மே 8

பஜார் முழுக்கக் கடப்பாரைச் சத்தம். செங்கல் மேடைகளைக் கூட இடித்துவிட்டார்கள். முறுக்குக்கடை செல்லியம்மா, புருஷன் கட்டிக் கொடுத்த மேடையை உடைத்துவிட்டு, "உன் வாய்ச்சொல்லை நம்பி உடைச்சேன் யசோதாக்கா" என்றாள். அம்மனே உனக்கு வேறு மேடை கட்டிக் கொடுப்பாள் போ என்று சொன்னேன். என் பலகைகளைக் கழற்றி வீட்டுக் கூடத்தில் சாத்தி வைத்திருக்கிறோம்.

மே 10, செவ்வாய்

அடேயப்பா! என் ஆயுசில் இப்படி ஒரு ஜாத்திரை பார்த்ததில்லை. கெங்கம்மா வீதி நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் ஜனம் தாராளமாகப் போய் வந்தது. முதல் வளையல் எப்போதும் எங்கள் கடையிலிருந்துதான். பச்சையும் சிவப்பும் கோத்து நானே மாட்டினேன். ஆபீசர்கள் வந்தார்கள். ஒருவர் தெரு முனையில் நின்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். "பாகுந்தி, சால பாகுந்தி" என்றார். நன்றாக இருக்கிறதாம்.

மல்லிகாவும் வந்திருந்தாள். 'எங்க ஊர்' என்ற பேச்சையே எடுக்கவில்லை. இது போதும் எனக்கு.

மே 13, வெள்ளி

காலையில் ரோடு ஓவர்சீர் இரண்டு ஆட்களோடு வந்தார். சங்கிலி வைத்து அளந்தார்கள். பிறகு தார்ச் சட்டியில் பிரஷ்ஷைத் தோய்த்து வீதி நெடுக இரண்டு பக்கமும் கோடு. எங்கே? நாங்கள் கூரையை வாங்கி நின்ற அதே ஆறடி ஓரத்தில்!

வெங்கடசாமி அண்ணன் ஓடி வந்து, இது ஜாத்திரைக்கு விட்ட இடம், செவ்வாய்க்கிழமை திரும்பக் கட்டிவிடுவோம் என்று சொன்னார். ஓவர்சீர் சிரித்த முகத்தோடுதான் பதில் சொன்னார். "மீரே காலி சேசினாரு கதா? நீங்களே காலி பண்ணிட்டீங்க. இவ்ளோ வருஷமா ரோட்டை அகலம் பண்ண முடியாம இருந்தோம். உங்களுக்கே அது ரோட்டு இடம்னு தெரியுது. இல்லாட்டி எப்படி விடுவீங்க?"

"ஐயா, அது அம்மனுக்கு விட்டதுங்க. உங்களுக்கு இல்லை" என்றேன்.

"அம்மனுக்கு ரோடு, பஸ்ஸுக்கு ரோடு வேற வேறயா அம்மா? சித்தூர் நல்லா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்களாம்!"

யார் போய்ச் சொன்னது? சொன்னது நான்தான், எல்லார் முன்னாலும். அய்யோ.

மே 15

இன்றைக்கே பலகையை மாட்டிவிடலாம் என்று கிளம்பினேன். இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "செவ்வாய் வரைக்கும் தொடக்கூடாதுன்னு தெரியாதா உனக்கு? அம்மன் நின்னுகினு இருக்கிறா." தெரியும். தெரிந்துதான் கிளம்பினேன். பிறகு பயந்துபோய்த் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். பஜாரில் ஒருத்தரும் கட்டவில்லை. எல்லாரும் அந்தத் தார்க்கோட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறோம்.

மே 17, செவ்வாய்

அம்மன் போய்விட்டாள். பலகையை எடுத்துக்கொண்டு போனால் வீதியில் ஜல்லி கொட்டியிருக்கிறது. என் கடை முன்னால்தான் பெரிய குவியல்.

ஜூன் 9

கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தோம். முன் ஆறடிக்கு யாரிடமும் பட்டா கிடையாது என்றார். அது எங்களுக்கும் தெரியும். மாமனார் காலத்திலிருந்து யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை, அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. "நீங்களா விடாம இருந்திருந்தா பத்து வருஷம் இழுத்திருப்பேன்" என்றார் வக்கீல். அதைச் சொல்வதற்கு ஒரு வக்கீல் வேண்டுமா?

ஜூன் 20

செல்லியம்மா என்னோடு பேசுவதில்லை. தெருக்குழாயில் எனக்கு முன்னால் குடத்தை வைத்துவிட்டு, வேறு யாரிடமோ சொல்வது போல, "கை தட்டல் வாங்கினவங்களுக்கு இன்னா, வவுத்துல அடி வாங்கினது நாம" என்றாள். நானும் வயிற்றில் வாங்கினவள்தான்டி. உனக்காவது உட்கார இடம் இருக்கிறது.

ஜூலை 18

கடை என்று மிஞ்சியது இரண்டடி. இன்றைக்கு அதில் பழைய கோணியை விரித்து உட்கார்ந்து பார்த்தேன். நான் உட்கார்ந்தால் வளையல் பெட்டிக்கு இடமில்லை. பெட்டியை வைத்தால் நான் ரோட்டில். முழங்கையை உரசிக்கொண்டு ஒரு லாரி போனது. பெட்டியில் மேலடுக்கு முழுக்க நொறுங்கிவிட்டது.

வெங்கடசாமி அண்ணன் கடைக்கு இப்போது ரோடு பார்த்த வாசல். வியாபாரம் கூடியிருக்கிறது. "நம்ம கடை மூலையில வச்சுக்கோ யசோதா" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அவர் வீட்டுக்காரம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டதை நான் பார்த்தேன். வேண்டாம் அண்ணா என்றுவிட்டேன். அழுகை வந்தது, அவர் எதிரிலேயே அழுதேன்.

ஆகஸ்ட் 21

மல்லிகா வந்தாள். நக்கல் ஒன்றும் பேசவில்லை. "எங்க திருப்பதி கடையில முன்பாதியை எடுத்துக்கோக்கா. எங்க வூட்டுக்காரர் சாமி படமும் குங்குமமும் பின்பக்கம் விக்கட்டும். மலை எறங்கி வர்ற ஜனம் வளையல் கேக்குது" என்றாள். திட்டியிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 29

கலெக்டர் ஆபீஸ் எங்கேயும் போகவில்லை. இவர் வழக்கம் போல டவாலி மாட்டிக்கொண்டு போகிறார். போகிறவள் நான்தான். சனிக்கிழமை சனிக்கிழமை இவர் திருப்பதிக்கு வருவதாக ஏற்பாடு.

செப்டம்பர் 11 — திருப்பதி

முதல் நாள். ஸ்டேஷனுக்குப் போகிற வீதி. கடைக்கு முன்னால் தகரக் கூரை, ஒரு மரமேடை. மேடைதான் என் இடம். ஒரு மொட்டை போட்ட குடும்பம் வந்து ஆளுக்கு இரண்டு டஜன் வாங்கிப் போனது. நன்றாகத்தான் இருக்கிறது. ஏன் நன்றாக இருக்கிறது என்று கோபமாகவும் இருக்கிறது.

1961 பிப்ரவரி 5

கை பழகிவிட்டது. தெலுங்கில் பேரம் பேசுவது இப்போது தமிழைவிட வேகமாக வருகிறது. வாடகை என்று நான் கொடுத்ததை மல்லிகா திருப்பி என் பெட்டியிலேயே போட்டுவிட்டாள். இந்த இடம் போதும் எனக்கு. இனிமேல் எங்கேயும் போக மாட்டேன்.

ஏப்ரல் 23, ஞாயிறு

வீதிக்காரர்கள் கூட்டம். மல்லிகா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஹைதராபாத்திலிருந்து பெரிய மனிதர்கள் வரப்போகிறார்களாம், ஊரைப் பார்க்க. பார்த்தால் ஜில்லா ஆபீசுகள் இங்கே வந்துவிடுமாம். தலைவர் எழுந்து ஆவேசமாகப் பேசினார்: "சித்தூர் பஜார்காரங்களைப் பாருங்க! யாரும் கேக்காம, அவங்களாவே ஆறடி விட்டாங்க. ஊருக்காக விட்டாங்க! இன்னிக்கு அங்க ரெண்டு பஸ் எதிரெதிரா போவுது. நாம அவங்களுக்கு எளைச்சவங்களா?"

கை தட்டல். எனக்குக் காதெல்லாம் சுட்டது. எழுந்து நின்றேன்.

"விட்டவ நான்தாங்க. ஊருக்காக இல்லை, ஜாத்திரைக்கு விட்டோம். திருப்பிக் குடுக்கலை. அந்த எடத்து மேலயே தார்க்கோடு போட்டுட்டாங்க. என் கடையே போயிடுச்சு, அதனாலதான் இங்க உக்காந்துகினு இருக்கிறேன். உங்களைக் கும்பிடுறேன், ஓரடி கூட விடாதீங்க."

நம்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன். பின்வரிசையில் யாரோ, "அந்தம்மா எந்த ஊரு?" என்று கேட்டார்.

"சித்தூரு."

"அதான பாத்தேன்!" கூட்டம் முழுக்கச் சிரித்தது. "அவங்க ஊருக்கு ரோடு போட்டாச்சு, நமக்கு வந்துடக் கூடாதாம். வயித்தெரிச்சல்!" அம்மா தாயே, வயிற்றெரிச்சலா? தொண்டை கிழியச் சொன்னேன். சிரிப்புச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை.

மல்லிகா விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். வீட்டு வாசலுக்கு வந்த பிறகு சொன்னாள்: "நாலு பேர் எதுக்க எங்க ஊரைக் கொறைச்சுப் பேசிட்டியேக்கா."

ஏப்ரல் 26, புதன்

காலையில் நான் போவதற்குள் தகரத்தைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். வீதியிலேயே முதலில் இடம் விட்டது எங்கள் கடைதானாம், மல்லிகா பெருமையாகச் சொன்னாள். வளையல் பெட்டிகளை அவளே பத்திரமாக உள்ளே எடுத்து வைத்திருந்தாள், ஒன்றும் உடையவில்லை. அவள் வீட்டுக்காரர் என் மரமேடையின் கீழே கடப்பாரையை விட்டு நெம்பிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் அந்தப் பக்கம் பிடிச்சுக்கோக்கா" என்றாள் மல்லிகா.

பிடித்தேன்.