கரையில் கழற்றிவைத்த பூட்ஸ்

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் தம்பி கும்பிட்டு எழுதுவது. உன் முட்டிவலி தேவலையா? நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நான் இல்லாவிட்டால் இந்த லாண்டரியே ஓடாது.

இந்தச் சீமைக் குளிரில் ஆறு பெருகிவிட்டதென்று ஊரே பேச்சு. லீவு நாளில் நடந்துபோய்ப் பார்த்தேன். தூ, இதெல்லாம் ஒரு வெள்ளமா! கரையோர நடைபாதை மூழ்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்கே கயிறு கட்டிவிட்டு தூர நின்று நடுங்குகிறார்கள். நான் விடுவேனா? தண்ணீரில் இறங்குமுன் நம் வழக்கப்படி பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில், சரி, கணுக்கால் என்றே வைத்துக்கொள், அடுத்த படிக்கட்டு வரை ராஜா மாதிரி நடந்தேன்.

மேலேறிச் சுற்றித் திரும்பினால் ஒரே கூட்டம், ரெண்டு படகு. "எந்தக் கிறுக்கன் விழுந்தான்?" என்று நானும் எட்டிப் பார்த்தேன். நடுவில் என் பூட்ஸ்! இங்கே ஆற்றோரம் பூட்ஸ் தனியாகக் கிடந்தால் ஆள் குதித்துவிட்டான் என்று அர்த்தமாம். அறிவுகெட்ட ஜனங்கள்.

போலீஸ்காரன் திட்டித் தீர்த்துவிட்டு, "நிஜமாவே போயிருந்தா யாருக்குய்யா சொல்றது?" என்றான்.

"எனக்கா ஆளில்ல? பாதி ஊரு என் சிநேகிதம்."

"அப்ப ஒரு நம்பர் சொல்லு."

உன் நம்பர்தான் வாயில் வந்தது.

கம்பளி சாக்ஸ் நாலு ஜோடி அனுப்பு. அந்தப் போலீஸ்காரன் கூப்பிட்டால், தெரியாத நம்பர் என்று கட் பண்ணிவிடாதே அக்கா. அவனுக்கு நம் பாஷை புரியாது. ஆனாலும், "ஆமா, என் தம்பிதான்"னு சத்தமா சொல்லு. லாண்டரி வேன் வந்துவிட்டது.