பாக்குவெட்டியில் நறுக்கிய மாத்திரை

என் அன்புக்குரிய முனுசாமி அண்ணா,

நலமா என்று கேட்கப்போவதில்லை. போன இடத்தில் யாரும் பிரஷர் பார்க்கமாட்டார்கள். இங்கே நீலசந்திராவில் நான் இருக்கிறேன், அண்ணி இருக்கிறார். நாம் வேலை பார்த்த ஆலையை மூடியபோது தருவதாகச் சொன்ன பணம் மட்டும் இன்னும் வரவில்லை. வரும் என்று நீங்கள் நம்பினீர்கள். நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். நீங்கள் எனக்குச் செய்தது நியாயமா?

நமக்கு ஒரே டாக்டர், ஒரே வியாதி, ஒரே மாத்திரை. ஒரு அட்டை வாங்கி, மருந்துக்கடை மஞ்சுநாத்தை நடுவில் வெட்டச் சொல்வோம். அவன் கத்தரியை எடுத்ததும், தேதியும் விலையும் அச்சடித்த முனைக்கு நான் கை நீட்டுவேன். "எடுத்துக்கடா, நீதான் போலீசாச்சே," என்று என் சந்தேகத்தைக் கிண்டல் செய்து சிரிப்பீர்கள். தேதி இல்லாத பாதி உங்கள் சட்டைப்பைக்குப் போகும். அதற்குமேல் அந்தப் பாதி என்ன ஆனது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

நீங்கள் போன பிறகு அண்ணிக்கும் பிரஷர் வந்தது. டாக்டர் அதே மாத்திரையை எழுதினார். நம் ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது, அட்டையில் பாதி அவருக்கு, பாதி எனக்கு. கொஞ்ச நாள் முன்பு என் பாதி தீர்ந்து அவரைக் கடைக்குக் கூப்பிட்டபோது, "எனக்கு இன்னும் கீது தம்பி," என்றார். அடுத்த தடவையும் அதே பதில். ஒரே நாளில் வெட்டிய அட்டை. என்னுடையது தீர்ந்தால் அவருடையது எப்படி மிஞ்சும்? நேரே வீட்டுக்குப் போய், அவர் மாத்திரை வைக்கும் வெற்றிலைப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். பாக்குத் துண்டுகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக அரை மாத்திரைகள்.

"இன்னா அண்ணி இது?"

"மாத்திரதான். பாக்குவெட்டில வெச்சா அழகா ரெண்டாப் பூடுது."

"டாக்டர் முழுசுதானே எழுதிக் குடுத்தாரு?"

"எழுதுவாரு. காசு அவரா குடுக்கறாரு? உங்க அண்ணனும் கடைசி வரைக்கும் இப்டித்தான் துன்னாரு. அவரு சொல்லிக் குடுத்ததுதான்."

அண்ணா, ஒரே காலையில் வலது கையும் பேச்சும் போய் நீங்கள் விழுந்தீர்களே, அதற்கு முன்பு எத்தனை காலம் இப்படி? அதனால்தான் விழுந்தீர்களா என்று இனி எந்த டாக்டரும் சொல்லப்போவதில்லை. அண்ணியிடம் நான் அதைக் கேட்கவும் இல்லை. மாத்திரைக்கு நான் பணம் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். "உங்க காசுல நான் உசுரோட இருக்கணுமா?" என்று பெட்டியை மூடிவிட்டார்.

மஞ்சுநாத்திடம் போனேன். அவன் வேறு ஒரு அட்டையை எடுத்துப் போட்டான்.

"யஜமான்ரே, அதே மருந்து, வேற கம்பெனி. அட்டைல போட்ட ரேட்டும் அதேதான், அதுல பாதி குடுங்க போதும்."

"பாதிக்குக் குடுத்தா உனக்கு இன்னா மிஞ்சும்?"

"மிஞ்சாம குடுப்பேனா?"

"அப்போ இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே. தேதி மட்டும்தானே கேப்பீங்க!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பாதி விலைக்கு விற்றும் லாபம் என்றால், நாம் கொடுத்த மீதிப் பாதி இத்தனை வருடம் யார் வீட்டுக்குப் போனது?

இரண்டு அட்டைகளையும் வெயிலில் வைத்துப் பார்த்தேன். பஸ் பலகையையும் கடைப் பலகையையும் பார்த்து நானே கற்ற இங்கிலீஷ்தான் எனக்கு. பெரிய எழுத்தில் வேறு வேறு பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பெயரும் அளவும் ஒவ்வொரு எழுத்தாக ஒன்றாகவே இருந்தன. அப்போதும் நம்பவில்லை. டாக்டரிடம் காட்டினேன். அவர் சரியாகப் பார்க்காமலே, "சாப்பிடலாம். ஆனா நான் எழுதினதே நல்லது," என்றார். அவர் மேஜையில் இருந்த காலண்டரிலும் பேனாவிலும் அந்த விலை அதிகமான கம்பெனியின் பெயர். இவரை நம்புவதா, அவனை நம்புவதா?

இருவரையும் நம்பவில்லை. டாக்டர் சாப்பிடலாம் என்றதை மட்டும் வைத்துக்கொண்டு, முதலில் நானே அந்த மலிவு மாத்திரையைச் சாப்பிட்டேன். வாரா வாரம் போய்ப் பிரஷர் பார்த்தேன். "தாத்தா, மறுபடியுமா?" என்று நர்ஸ் அலுத்துக்கொண்டாள். ஏறவில்லை. பழைய மாத்திரையில் எப்படி நின்றதோ, அப்படியே நின்றது. மாத்திரை சரியாக இருக்கிறது. மஞ்சுநாத் சரியானவனா என்பது வேறு விஷயம்.

பிறகுதான் அட்டையோடு அண்ணியிடம் போனேன். "அரைக்கு நீங்க குடுத்த அதே காசுதான் அண்ணி, இப்போ முழுசு," என்றேன். சந்தேகமாகப் பார்த்தார். அட்டையைத் திருப்பினார், முகர்ந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வீட்டில் சந்தேகப்படுவதில் ஒருவராவது தேறினாரே.

"நீங்க துன்னீங்களா?"

"துன்னேன். செத்தா போய்ட்டேன்?"

முழு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். "வாயத் தொறங்க," என்றேன். "போய்யா அந்தாண்ட!" என்று திட்டிவிட்டுத் திறந்தும் காட்டினார்.

இனி அட்டையை வெட்டும்போது தேதி இருக்கும் முனை அண்ணிக்கு. மறு முனை எனக்கு. பாக்குவெட்டி என் வீட்டில் இருக்கிறது, பாக்கை நானே நறுக்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். என் மூச்சு இருக்கும்வரை அண்ணியின் மாத்திரை முழுசாகவே உள்ளே போகும். நின்று பார்ப்பேன். இது சத்தியம்.

ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டு, உங்களை மட்டும் நம்பி ஏமாந்த
உங்கள் தம்பி
ஏழுமலை