செபமாலையின் கார்: பிரேக் பிழையா, ஆள் பிழையா

09.08.99 திங்கள்

சோளகக் காற்று அடிக்கிறது. முற்றம் முழுக்கப் புழுதி. வெல்டிங் வேலை ஒன்று பாதியில்.

பத்து மணிபோல் உழவு இயந்திரத்தில் கட்டி, செபமாலையின் காரை இழுத்து வந்தார்கள். அறுபத்து மூன்றாம் ஆண்டுக் கார். நோயாளரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய கார். ஆனி மாதம் விசுவமடுக் குளக்கட்டு இறக்கத்தில் போய் மதகில் மோதியது. முன் சீட்டில் இருந்த அவன் மனைவி பிலோமினா அந்த இடத்திலேயே முடிந்தாள். அவனுக்குக் கை முறிவு மட்டும். அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். இப்போது என் வாசலில் நிற்கிறது.

கொண்டுவந்தது அந்தோனி, பிலோமினாவின் தம்பி. கடற்காரன். மெல்லக் கதைக்கத் தெரியாது.

"பிரேக் பிழையோ, ஆள் பிழையோ? அதை மட்டும் சொல்லுங்கோ, அண்ணை. ஆள் பிழையெண்டால் அக்காவின்ர பெட்டைப் பிள்ளையள் ரெண்டையும் நான் கூட்டிக்கொண்டு போயிடுவன். அவன்ர கண்ணிலயும் காட்டமாட்டன்."

பதிலுக்கு வெள்ளிக்கிழமை வருவானாம். அந்தக் காருக்குக் கடைசியாகப் பிரேக் வேலை செய்தது நான். அது அந்தோனிக்கும் தெரியும்.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கமலா பகிடி விடுகிறாள்: "மடியில கனமில்லாட்டி வழியில ஏன் பயம்?" மனைவி என்று ஒருத்தி.

10.08.99 செவ்வாய்

வெயில். ரேடியேட்டர் ஒழுக்கு அடைத்தாயிற்று. பார்த்தவை:

பிரேக் ஒயில் - சரி.
குழாய்கள் - ஒழுக்கு இல்லை.
சக்கரங்கள் - தேய்வு, ஆனால் பிடிக்கும்.

அன்று செபமாலை எல்லோரிடமும் சொன்னது ஒன்றுதான்: "பெடல் கல்லுப்போல நிண்டது." பெடல் தொப்பென்று உள்ளே விழுந்தால் ஒயில் பிழை. கல்லாக நின்றால் சேர்வோ. எஞ்சின் உறிஞ்சும் காற்றை வைத்துக் காலுக்குப் பலம் கொடுக்கிற தகரப் பேணி அது. அது இல்லாமல் இந்தக் கனத்த காரை மனிதக் கால் நிறுத்தாது.

கார்பரேட்டரில் ஒரு கரண்டி பெற்றோல் விட்டு ஸ்டார்ட், பிறகு மண்ணெண்ணெய். பெற்றோலுக்குத் தடை வந்த நாளிலிருந்து எல்லா வாகனமும் இதில்தான் ஓடுகிறது. பிரேக்கை மிதித்தேன். 'ஸ்ஸ்' என்று மூச்சு இழுத்தது, பெடல் பதமாக இறங்கியது. பத்துத் தரம் பார்த்தேன், பத்தும் சரி.

அப்படியென்றால் ஆள் பிழை. நான் தப்பினேன் என்று ஒரு சந்தோஷம் வந்தது. தூ, என்ன மனிதன் நான்.

பிலோமினா இருந்த இடப்பக்க சீட்டின் இடுக்கில் ஒரு கொண்டை ஊசி. எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். பிறகு பயந்து திரும்ப அங்கேயே வைத்தேன். கிணற்றடியில் கை கழுவும்போதும் அந்த 'ஸ்ஸ்'. எஞ்சின் நிறுத்தி ஒரு மணித்தியாலம் ஆகியும் காதுக்குள்.

11.08.99 புதன்

திரும்பவும் அதே சோதனை. எஞ்சின் ஓடுகிறது, கால் பெடலில். குசினிக்குள் இருந்து கமலா ஓடி வந்தாள்.

"நிப்பாட்டுங்கோ! சத்தம் கேக்குது!"

யோசிக்கமுன் கை சாவியைத் திருப்பிவிட்டது. இங்கே எல்லோருக்கும் அப்படித்தான். எஞ்சினை நிறுத்தினால்தான் குண்டுபோட வரும் பொம்மர் எந்தப் பக்கம் என்று கேட்கும்.

எஞ்சின் நின்ற கணமே பெடல் என் காலைத் திருப்பித் தள்ளியது. கீழே ஒருவர் இருந்து தள்ளுவதுபோல. மிதித்தேன். கல்.

பொம்மர் கிழக்கே போனது. கமலா பங்கர்க் குழிக்குள் இருந்து கத்துகிறாள், நான் இன்னும் பெடலை மிதித்தபடி.

சேர்வோக் குழாயில் ஒரு சின்ன வால்வு இருக்கும். எஞ்சின் நின்றாலும் இரண்டு மூன்று மிதிக்குப் பலத்தை அது பிடித்து வைக்கும். தை மாதம் அது மண்ணெண்ணெய்க் கரியில் இறுகிவிட்டது. மாற்று வால்வுக்கு எங்கே போவது? ஆமியின் தடையைத் தாண்டி இந்தப் பக்கம் ஆணியே வராது. கழற்றி எறிந்து, குழாயை நேரே பூட்டினேன். ஓடும்போது பிடிக்கிறதுதானே என்று. செபமாலைக்கும் சொல்லவில்லை.

மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எல்லோரும் நியூட்ரலில் விடுவார்கள். அவனும் விட்டிருப்பான். அதற்குள் சத்தம் கேட்டு எஞ்சினை நிறுத்தியிருப்பான். நான்தான் கொன்றிருக்கிறேன்.

12.08.99 வியாழன்

சைக்கிளில் விசுவமடு. எதிர்க்காற்று. செபமாலை தன் கொட்டில் வீட்டுக்கு வெளியே, மகளின் பள்ளிக்கூடச் சட்டையில் அறுந்த தெறியைத் தைத்துக்கொண்டு. முறிந்த கை இன்னும் நேராகவில்லை.

நின்றபடியே சொன்னேன். வால்வு, குழாய், எல்லாம். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தான்.

"எஞ்சினை நான் நிப்பாட்டேல்லை, அண்ணை. பொம்மர் எண்டு அவள்தான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினவள். பிறகு 'சீ, அது லொறிச் சத்தம்' எண்டு சிரிச்சவள். அப்பதான் மதகு வந்தது."

சட்டையைத் திரும்ப மடியில் எடுத்தான்.

"பிள்ளையளுக்குத் தெரிய வேண்டாம். அம்மா தன்ர கையாலதான் செத்தவா எண்டு அதுகள் நினைக்கக் கூடாது. அந்தோனி என்னை என்னவும் சொல்லட்டும்."

"பெட்டையளைக் கொண்டு போயிடுவானடா."

"தெரியும்."

தேத்தண்ணி தந்தான். குடித்தேன். ஏன் குடித்தேன் என்று தெரியவில்லை.

13.08.99 வெள்ளி

காற்று இல்லை. புழுக்கம். அந்தோனி எட்டு மணிக்கே வந்துவிட்டான்.

"பிரேக் பிழைதான்" என்றேன். "வால்வை நான் கழட்டினனான். செபமாலைக்கும் சொல்லேல்லை."

கடற்காரன், ஆனால் மொக்கன் இல்லை. எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டான்.

"எஞ்சின் ஓடினால் பிரேக் பிடிக்குமெண்டுறியள். அப்ப எஞ்சினை ஆர் நிப்பாட்டினது?"

"ஒருத்தரும் இல்லை. தானா நிண்டது. கார்பரேட்டர் அடைப்பு. அதுவும் என்ர வேலைதான்."

நெடுநேரம் என் முகத்தையே பார்த்தான். பிள்ளைகளைப் பற்றி ஒரு கதையும் எடுக்கவில்லை. உழவு இயந்திரத்தில் ஏறமுன் என் முற்றத்தில் காறித் துப்பினான்.

கமலா குசினி வாசலில் நின்று கேட்டாள், கார்பரேட்டரிலும் பிழையோ என்று.

ஓம் என்றேன்.